பின்பனியும் பாலைக்கு உரியது

அன்புள்ள மொன்றியலே,

நான் உன்னிடம் வந்து இறங்கியது 1987ஆம் ஆண்டு மாசி மாதம். மிராபெல் விமான நிலையத்திலிருந்து பேருந்தில் வரும்போது நிலம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே வெள்ளை. கையில் ஒரு பை. அதற்குள் இரண்டு உடுப்பு, ஒரு சோடி பாட்டா, அம்மா கடதாசியில் மடித்துத் தந்த திருநீறு. மனதுக்குள் ஒரு பிடிவாதம்: நான் சுமந்து வந்தது இங்கே ஒருவருக்கும் விளங்கப்போவதில்லை. அந்தப் பிடிவாதத்தை நீ சிறிது சிறிதாக, என்னை நோகடிக்காமல் எடுத்துவிட்டாய். அதற்கு இவ்வளவு காலம் உனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

மொன்றியலே, நீ எனக்குத் தந்த முதற்சொல் ஒரு பிரிவுச் சொல். புதிதாக வந்தவர்களுக்கு மாகாண அரசு நடத்திய பிரெஞ்சு வகுப்பை ‘கொஃபி’ என்போம். என் மேசையில் ஒரு வியட்நாமியப் பெண், எல் சல்வடோரிலிருந்து வந்த தச்சர், பெய்ரூட்டை விட்டு வந்த சகோதரர் இருவர். ஆசிரியை ஒருநாள் பலகையில் ஒரு வினைச்சொல்லை எழுதினார். என் அகராதியில் அதற்குப் பொருள் ‘சலிப்படைதல்’. கியூபெக்கில் அதையே பிரிந்து போனவரை நினைத்து ஏங்குவதற்கும் சொல்வோம் என்றார். பாரிஸ்காரர் பெரும்பாலும் வேறு வாக்கியம் சொல்வார்கள் என்று அதையும் எழுதினார். அதில் எழுவாய் ‘நீ’. நீ எனக்கு இல்லாதிருக்கிறாய் என்பதுபோல. பிறகு எங்களிடம் கேட்டார், உங்கள் மொழியில் எப்படி என்று. என் முறை வந்தபோது, ‘எனக்கு அம்மாவைத் தேடுது’ என்றேன். தேடுவது யார் என்று அவர் கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். அந்த வாக்கியத்தில் தேடுகிறவர் ஒருவரும் இல்லை. பசிப்பதுபோல, குளிர்வதுபோல, தேடல் எனக்கு வருகிறது. சிறுவயது முதல் சொல்லிவந்த ஒரு வாக்கியத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று உன் வகுப்பறையில்தான், ஈரச் சப்பாத்துகளின் மணத்துக்கு நடுவே முதன்முதலாகப் பார்த்தேன். அந்தத் தச்சர் தன் மொழியில் சொன்னதும் பாரிஸ்காரர் சொல்வதும் ஏறத்தாழ அண்ணன் தம்பி என்று ஆசிரியை மகிழ்ந்தார். அன்று வகுப்பு முடிந்த பிறகும் நாங்கள் ஐந்து பேர் உடனே வீட்டுக்குப் போகவில்லை.

மொன்றியலே, பிரிவின் திணையான பாலையை எனக்குப் படிப்பித்தது நீ. ஊரில் தமிழ் வாத்தியார் சொல்லித்தந்த பாலை வெயிலும் கள்ளியும் பரல்கல்லும்தான். கடலும் வயலும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது மனப்பாடம் மட்டும். தொல்காப்பியர் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் தந்துவிட்டு, பின்பனிக் காலமும் அதற்கு உரியது என்று ஒரு சின்ன நூற்பாவில் சேர்த்திருப்பார். சோதனைக்குப் படித்தேன்; ஏன் என்று கேட்கவில்லை. பின்பனி என்றால் மாசியும் பங்குனியும். உன்னுடைய மாசி முடிவில் தெருவோரப் பனி உப்பும் புழுதியும் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். நண்பகலில் சூரியன் இருக்கும், சூடு இராது. எதிரே வருபவர் குனிந்த தலை நிமிராமல் கடந்து போவார். இளங்கோவடிகள் பாலையைத் தனி நிலமாகச் சொல்வதில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்பார். உன் நடுவில் நிற்கும் மோன் றோயல் மலை 233 மீற்றர் உயரம். ஐப்பசியில் அதன் மேப்பிள் மரங்கள் எரிவதுபோல் சிவந்து நிற்பதைப் பார்த்தேன். மாசியில் அதே மலை வெறும் குச்சிக்காடு. ஒரு குறிஞ்சி குளிரால் திரிந்து பாலையாவதைக் கண்ணால் பார்க்க நான் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டியிருந்தது. அன்றைக்கு அந்த மலைப்பாதையில் நின்று, என் வாத்தியாரை நினைத்துக் கைகூப்பினேன்.

மொன்றியலே, பருவத்தையும் உணர்ச்சியையும் முடிச்சுப்போடுவது எங்கள் புலவர்களுக்கு மட்டும் வாய்த்தது என்று நினைத்திருந்தேன். உனக்குக் கிழக்கே ஷெர்புரூக்கில் 1912இல் பிறந்த நோர்த்ரப் ஃபிறை, 1957இல் வந்த தன் பெரிய திறனாய்வு நூலில் உலக இலக்கியத்தையே நான்கு பருவங்களில் அடுக்கியிருக்கிறார். இளவேனிலுக்கு இன்பியல், இலையுதிர் காலத்துக்கு அவலம், குளிர்காலத்துக்கு அங்கதம். கடைசியை நான் ஏற்கமாட்டேன். உன் கவிஞன் எமில் நெலிகனும் ஏற்றிருக்கமாட்டான். 1879இல் உன்னிடம் பிறந்தவன் அவன். இருபது வயதுக்குள் எழுதவேண்டியதை எல்லாம் எழுதினான். 1899இல் மனநோய் விடுதிக்குள் அனுப்பப்பட்டவன் 1941இல் இறக்கும்வரை வெளி வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. அவனுடைய குளிர்கால மாலைக் கவிதையைத் தட்டுத்தடுமாறிப் படித்த இரவில் என் அறை ஜன்னலிலும் பனி பூத்திருந்தது. பாலைக்குப் பின்பனியைக் கொடுத்தவர் அவனை அறிந்துகொண்டிருப்பார்.

மொன்றியலே, மரியாவை எனக்கு அறிமுகம் செய்ததற்கு உனக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். லூயி ஏமோன் பிரான்சிலிருந்து வந்தவர். வடக்கே பெரிபோங்கா என்ற காட்டோரக் குடியிருப்பில் சில மாதம் வேலைசெய்து, அந்த மக்களைப் பார்த்து ‘மரியா சாப்டிலேன்’ நாவலை எழுதினார். 1913இல் உன்னிடமிருந்துதான் கையெழுத்துப் பிரதியைப் பாரிசுக்கு அஞ்சல் செய்தார். மேற்கே புறப்பட்டவர் அடுத்த மாதமே ஒன்ராறியோவில் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். புத்தகம் 1916இல் உன் நகரத்தில் வெளிவந்தது, அவர் பார்க்கவில்லை. கதை எளிது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போகிறான் பிரான்சுவா. காத்திருக்கிறாள் மரியா. நத்தாருக்கு முதல்நாள், அவன் வரவேண்டும் என்று ஆயிரம் ‘மரியே வாழ்க’ செபம் சொல்கிறாள். வேலை செய்துகொண்டே, எண்ணிக்கை தப்பாமல், இரவு வரை. அவளைப் பார்க்க மரம்வெட்டும் முகாமிலிருந்து நடந்து புறப்பட்டவன் பனிப்புயலில் வழிதவறி மாண்டுபோனான் என்ற செய்தி பிறகு வருகிறது.

மொன்றியலே, அந்த ஆயிரத்தை வாசித்தபோது எனக்கு முன்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். போனவன் போன நாட்களைச் சுவரில் கோடிட்டு, அந்தக் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் தேய்ந்துபோன வள்ளுவரின் தலைவி. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். நடுவில் எத்தனையோ நூற்றாண்டு, ஒரு சமயம், ஒரு கடல். ஆனாலும் பிரிந்தவன் வரும்வரை ஒரு பெண்ணிடம் மிஞ்சியிருப்பது எண்ணிக்கைதான் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது. கார்காலத்தில் வருவேன் என்று வேந்தனின் பாசறைக்குப் போகும் முல்லைத்திணைத் தலைவன், பனி உருகும்போது வருவேன் என்று மரம் வெட்டப்போகும் கியூபெக் இளைஞன். இருவரும் நாள் குறிக்கவில்லை, பருவம் குறித்தார்கள். பருவம் வந்துவிடும். ஆள் வரவேண்டுமே என்ற பயம் அதனால்தான் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. என் அம்மாவும் எண்ணினாள். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் ஒழுங்காகப் போகாத ஆண்டுகளில், கலண்டர்த் தாளைக் கிழித்து எறியாமல் அடுக்கி வைத்தாளாம். அது எனக்குப் பிந்தித்தான் தெரியும்.

மொன்றியலே, பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு கிரேக்கப் பாட்டியின் வீட்டு மேல்மாடியில் என்னைக் குடிவைத்தாய். எங்களுக்கு முன்னே அந்தக் குறிச்சி கிரேக்கர்களுடையது. ஒரு பங்குனியில் ஊரில் அவருடைய அண்ணன் இறந்தார். பாட்டியால் போக முடியவில்லை. அன்று கறுப்பு உடுத்த நாலைந்து கிழவிகள் அவருடைய குசினியில் கூடினார்கள். ஒருவர் தொடங்க மற்றவர் எடுக்க, ஒரு பாட்டு. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, ஆனால் அது எப்படி நடக்கிறது என்பது முழுக்க விளங்கியது. இறந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். பதிலுக்காகச் சற்று நிறுத்துகிறார்கள். பதில் வராததால் குரல் உயர்கிறது. எங்கள் ஊரில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும் பெண்கள் அதே இடத்தில்தான் மூச்சு வாங்குவார்கள். நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு கீழே போனேன். பாட்டி பிறகு உடைந்த ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லித்தந்தார்: ‘க்செனித்யா’. அந்நிய தேசம் என்று பொருள், அந்நிய தேசத்தில் இருப்பதன் துன்பம் என்றும் பொருள். கிரேக்கத்தில் அதற்கென்றே நாட்டுப்பாடல்கள் இருக்கின்றன. கப்பலேறிப் போகிறவருக்குப் பாடுவதும் செத்தவருக்குப் பாடுவதும் ஒரே சாயலில் இருக்குமாம். விமான நிலையத்தில் அம்மா அழுதது ஏன் செத்தவீட்டு அழுகைபோல இருந்தது என்று அன்று எனக்குத் தெரிந்தது.

மொன்றியலே, உன்னிடம் நான் பட்ட மிகப் பெரிய கடனுக்கு இப்போது வருகிறேன். பகுதிநேரமாக மொழிபெயர்ப்பாளர் வேலை தந்தாய். மருத்துவர் ஒரு நாற்காலி, நோயாளி ஒரு நாற்காலி, மூன்றாவது நாற்காலி எனக்கு. தொடக்க நாட்களில் ஒரு மருத்துவமனையில், நடுவயது அம்மா ஒருவர் ‘வயிறு எரியுது’ என்றார். நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், புளிப்பு, உறைப்பு, நெஞ்செரிவு பற்றிக் கேட்டார். எப்போதிருந்து எரிகிறது என்றார். அந்த அம்மா யோசிக்காமல் சொன்னார்: ‘தொண்ணூறாம் ஆண்டு ஆனியிலயிருந்து.’ நான் பேனாவை வைத்துவிட்டேன். 1990 ஆனியில் ஊரில் யுத்தம் மறுபடி மூண்டது. எங்களிடையே பெற்ற வயிறுதான் எரியும். அது அமிலம் செய்யும் எரிவல்ல. மூன்றாவது நாற்காலியில் இருந்த நான் அதை அறிந்தும் சொல்லாமல் சொல்லை மட்டும் மாற்றியிருந்தேன். அந்தப் பிழைக்காக அந்த அம்மாவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, ‘அதுக்கென்ன பிள்ளை, இப்ப சொல்லுங்கோ’ என்றார். சொன்னேன். மருத்துவர் மருந்துச்சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, மகனுக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

மொன்றியலே, அதற்குப் பிறகுதான் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திரும்ப எடுத்தேன். எட்டு மெய்ப்பாடுகளில் அழுகைக்குத் தொல்காப்பியர் நான்கு காரணம் வைக்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுத்தப்படுவது, இழப்பது, இல்லாமை என்று மூன்று எளிதாக விளங்கும். அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வந்து வருந்துவது என்று உரைகாரர் விளக்குவார். உணவகத்தில் கோப்பை கழுவிய பள்ளிக்கூட அதிபரை எனக்குத் தெரியும். இரவில் அலுவலகம் கூட்டிய கணக்காளரையும் தெரியும். அவர்களுடைய அழுகைக்குப் பெயர் என் மொழியின் பழைய இலக்கண நூலில் எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது நாற்காலியில் இருந்து எத்தனையோ அழுகைகளைக் கேட்டிருக்கிறேன். இது எந்த அழுகை என்று மனதுக்குள் அந்த நான்கையும் வைத்துப் பார்த்த பிறகே வாய் திறந்தேன். ஹெயிட்டியர் ஒருவருக்கு என் சக மொழிபெயர்ப்பாளர் பேசும்போது கேட்டேன்: இதயம் இறுகிவிட்டது என்றும் தலையில் சுமை ஏற்றியாயிற்று என்றும் அவர்கள் மொழியில் சொல்வார்களாம். உன் கியூபெக் மக்களோ தொண்டையில் ‘மொத்தோன்’, கட்டி ஒன்று நிற்கிறது என்பார்கள். தொண்டை அடைக்கிறது என்ற எங்கள் பேச்சும் அதுவும் ஓர் அங்குலம் விலகவில்லை. நெஞ்சு, தலை, தொண்டை, வயிறு. துயரம் உடம்பில் ஏறும் படிகள் எல்லோருக்கும் இவைதான். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதுதான் வேறுபடும். அந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் ஒரு தாயின் துக்கத்துக்கு வயிற்றுமருந்து கொடுத்து அனுப்பிவிடுவோம். அதனால், மனிதர் எல்லாம் ஒன்று என்று யாராவது அவசரமாகச் சொன்னால் நான் இன்றைக்கும் உடன்படமாட்டேன்.

மொன்றியலே, இதை நீ என்னைவிட முன்னமே யோசித்திருக்கிறாய் என்பது உன் மேல் என் மதிப்பைக் கூட்டியது. மக்கில் பல்கலைக்கழகத்தில் எரிக் விற்கோவர் என்ற மனநல மருத்துவரும் ஜேக்கப் ஃபிறைட் என்ற மானிடவியலாளரும் 1955இலேயே பண்பாடு கடந்த மனநலம் என்பதை ஒரு துறையாகத் தொடங்கினார்கள். ஒரு மருத்துவரும் ஒரு மானிடவியலாளரும் ஒரே மேசையில். 1999இலிருந்து யூதப் பொது மருத்துவமனையில் பண்பாட்டு ஆலோசனைச் சேவை ஒன்று இயங்குகிறது. மொழிபெயர்ப்பாளரையும் அந்தச் சமூகத்தை அறிந்தவரையும் மருத்துவரோடு உட்காரவைப்பது அதன் முறை. எங்கள் ஆட்கள் நிறைய வாழும் கோத் டெ நேஜிலிருந்து அது நடக்கும் தூரம்.

மொன்றியலே, உன் பழைய துறைமுகத்து பொன்செக்கூர் மாதா கோயிலுக்குப் போனால் தலைக்கு மேல் சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கும். கடலில் பிழைத்து வந்த மாலுமிகளின் நேர்த்தி. லெனர்ட் கோஹனின் ‘சுசான்’ பாட்டில் வரும் துறைமுகத்து மாதா அவள்தான். மார்கரெட் பூர்ஷ்வா என்ற கன்னி 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில். இப்போதுள்ள கட்டடம் 1771இல் எழுந்தது. புயலில் தப்பிய போர்த்துக்கீச மாலுமிகள் வேளாங்கண்ணி மாதாவுக்குச் செய்த நேர்த்தியின் கதை தெரிந்த எவருக்கும் இங்கே வழி சொல்லத் தேவையில்லை. கரையில் காத்திருப்பதை நெய்தல் என்று பாடினோம். நீ அதைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டாய். மலைச்சரிவில் புனித சூசையப்பர் ஆலயத்துக்கு 283 படிகள். அதில் 99 மரப்படிகள் முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு. எங்கள் சைவப் பெண்கள் அங்கே போய் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். கோடையில் முருகன் தேருக்குப் பின்னால் அடி அழிக்கும் அதே பெண்கள். ஒரு குறையும் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மொன்றியலே, மிஷேல் திறம்பிளேயின் ‘பெல் சேர்’ நாடகம் 1968 ஓகஸ்ட்டில் உன் மேடையில் ஏறியது. பதினைந்து பெண்கள், ஒரு குசினி, பரிசாக விழுந்த பத்து லட்சம் கடைமுத்திரைகள். அவர்கள் பேசியது உன் கிழக்குத் தெருக்களின் பிரெஞ்சு. இதுவும் ஒரு மொழியா என்று படித்தவர்கள் சீறினார்கள். அதே பத்தாண்டில்தான் எங்கள் இலங்கையில், பேச்சுத்தமிழில் எழுதியவர்களை இழிசனர் இலக்கியக்காரர் என்று பண்டிதர்கள் ஏச, மரபுப் போராட்டம் நடந்தது. அப்படி எழுதிய கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் நின்ற பக்கத்தில் நீயும் நின்றாய் என்று எனக்குத் தோன்றும். அழுகை வரும் மொழியில் எழுதுவதற்கு இரண்டு இடத்திலும் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. அந்த நாடகம் இன்று ஸ்கொட்லாந்துத் தெருமொழியிலும் யிடிஷிலும் பேசுகிறது. அதன் பெண்கள் யாழ்ப்பாணத்துக் குசினியில் பேசினால் ஒரு வசனமும் விறைத்து நிற்காது.

மொன்றியலே, கிம் துயியின் ‘றூ’ நாவல் 2009இல் வந்தபோது முதல் நாளே வாங்கினேன். பத்து வயதில் வியட்நாமிலிருந்து படகேறியவர். ‘றூ’ என்றால் பிரெஞ்சில் சிற்றோடை, வியட்நாமிய மொழியில் தாலாட்டு. எனக்கோ, 1986 ஓகஸ்ட்டில் நியூஃபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து, மீனவர்களால் கரைசேர்க்கப்பட்ட 155 தமிழர் நினைவுக்கு வந்தார்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் எங்கள் பெண்கள் அடித்தாரைக் கேட்பார்கள், அழுகைக்குக் காரணம் கேட்பார்கள். ஓடையும் தாலாட்டும் ஒரே சொல்லாக இருப்பதில் எங்களுக்கு வியப்பு வராது. வகுப்பில் என் பக்கத்தில் இருந்த வியட்நாமியப் பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்றை அனுப்பினேன்.

மொன்றியலே, என் பிரெஞ்சு ஆசிரியைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. குறளின் காமத்துப்பாலை ஃபிரான்சுவா குரோ பிரெஞ்சில் தந்திருக்கிறார். 1992இல் வந்த நூல். அதை அவருக்குக் கொடுத்தேன். சுவரில் கோடிட்ட தலைவியின் பக்கத்தில் பென்சிலால் ‘மரியா’ என்று எழுதித் திருப்பிக் காட்டினார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று ‘தேடுவது யார்’ என்று என்னைக் கேட்டவர் அவர்.

மொன்றியலே, இவ்வளவையும் வாங்கிக்கொண்டு இன்னும் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கும் உன்னிடம் பின்பனியில் வந்து இறங்குகிறார்கள். வேறு யுத்தங்களிலிருந்து, வேறு மொழிகளோடு. அவர்களுக்கும் ஏதோ ஓர் உறுப்பு எரியும், எந்த உறுப்பு என்று எனக்குத் தெரியாது. உன் மருத்துவமனைகளில் செலவு குறைக்கும்போது அந்த மூன்றாவது நாற்காலியை மட்டும் எடுத்துவிடாதே.